ஒன்றரை அங்குலம்

அவசரப் பிரிவில் கட்டிலுக்குக் கட்டில் திரைதான் சுவர். ஐந்தாம் கட்டிலில் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதிப் பாதி மூச்சாக வாங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் நின்ற தங்கை, தையல்காரி, அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோனாள்.

டாக்டர் ஈ.சி.ஜி. தாளை மடித்தார். "இதயத்துல ஒண்ணுமில்ல. வெறும் படபடப்பு. மாத்திரை எழுதியிருக்கேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அத்தான் கட்டிலுக்கடியில் அக்காவின் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்.

"நாடித்துடிப்பு நூத்தி இருபது காட்டுதே, டாக்டர்?" என்றாள் தங்கை.

"பயந்தா ஏறும்மா."

"பயந்தா ஒரு காலு மட்டும் வீங்குமா?"

"ஏய், டாக்டருக்கே பாடம் எடுக்கறியா?" அத்தான் பல்லைக் கடித்தார்.

அவள் காதில் வாங்கவில்லை. போர்வையை விலக்கினாள், கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் விட்டு இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்தாள். இடது பதின்மூன்று. வலது பதினாலரை.

"ஒன்றரை அங்குலம் கூட இருக்கு."

"தையல் டேப்பை வச்சு வைத்தியம் பார்க்க முடியாதும்மா."

"இந்த டேப்பை நம்பித்தான் பாதி ஊரு மானத்தோட நடமாடுது, டாக்டர்."

நர்ஸ் முகக்கவசத்துக்குள் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. குனிந்து வலது கெண்டைக்காலை அழுத்தினார். அக்கா முனகினாள்.

"சமீபத்துல ஆபரேஷன் எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கே?"

அத்தான் தரையைப் பார்த்தார். நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்று கூசி, படிவத்தில் 'இல்லை' என்று எழுதியவர் அவர்தான்.

"கர்ப்பப்பையை எடுத்துப் பதினோரு நாள் ஆச்சு." எல்லாத் திரைகளுக்கும் அப்பால் கேட்கும்படியே சொன்னாள் தங்கை. "அன்னையிலேருந்து படுத்த படுக்கைதான்."

டாக்டரின் முகம் மாறியது. "ஆபரேஷன் காயத்துல ரத்தம் கசியுதா?"

"இல்ல. காலையிலதான் பார்த்தேன்."

"கால்ல உறைஞ்ச ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். சிஸ்டர், ஆக்சிஜன் வைங்க. ரத்தம் மேல உறையாம இருக்க ஹெப்பாரின் ஊசி இப்பவே போடணும். ஸ்கேனுக்குச் சொல்லுங்க. அவங்களை நடக்க விடாதீங்க."

ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் அடைப்பு தெரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிய பிறகு டாக்டரே வந்தார்.

"நல்லவேளை, ரத்த அழுத்தம் இறங்கல. ரெண்டு நாள் வச்சுப் பார்க்கணும். நாங்க பார்த்துக்கறோம், நீங்க வீட்டுக்குப் போங்கம்மா."

"அவளையும்தான் போகச் சொன்னீங்க" என்றாள் தங்கை. நாற்காலியை அக்காவின் கட்டிலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.