பிப்பாவின் நகங்கள் வளரும் மாதம்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. பக்கத்து வீட்டு மார்லிஸும் அவள் கணவர் ஓரினும் கொல்லையில் போட்ட சண்டையை, வேலிக்கு இந்தப் பக்கம் உதிர்ந்த இலைகளை வாருவதுபோல் பாவனை செய்தபடி ஒட்டுக்கேட்டேன். மினசோட்டாவில் இத்தனை வருஷம் குடியிருக்கிறேன். இங்கே யாரும் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பதில்லை. என் காது நீண்டதற்கு அதுதான் காரணம்.

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘அக்டோபர் வெயிலில் பொன்னிற ரோமம் மின்ன, அந்த முதிய நாய்...’

(வேண்டாம். காலண்டர் படம் மாதிரி இருக்கிறது.)

அடுத்தது: ‘ஓரின் தன் நாய்க்குக் குழி வெட்டினார். நாயும் கூடமாட உதவியது.’

இது நடந்தது. டிசம்பரில் இங்கே மண் கல்லாகிவிடும், கடப்பாரை இறங்காது. வயசான நாய் வைத்திருப்பவர்கள் உறைபனிக்கு முன்பே குழியை வெட்டி வைத்துவிடுவார்கள். அந்த நாய் பிப்பாவுக்கு மண்ணீரலில் கட்டி என்று டாக்டர் சொன்ன வாரமே ஓரின் மண்வெட்டியை எடுத்தார். பிப்பா தன் பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டு வாலாட்டுவாள். அவர் எடுத்துத் தருவார். மறுபடி போடுவாள். வேலை முடிய வெகு நேரம் ஆயிற்று.

3

சண்டைக்கு வருகிறேன்.

பிப்பா குட்டியாக இருந்தபோதே மார்லிஸ் அவளை ஓர் ஆராய்ச்சியில் சேர்த்திருந்தாள். நாய்களுக்குப் புற்றுநோய் ஏன் வருகிறது என்று அறிய, ஏராளமான வீட்டு நாய்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனிக்கும் ஆராய்ச்சி. வருஷா வருஷம் ரத்தம், சிறுநீர், முடி, நகம் எல்லாம் அனுப்ப வேண்டும். செத்த பிறகு உடலைத் திறந்து உறுப்புகளிலிருந்து துண்டுகள் எடுப்பார்கள். அது கட்டாயமில்லை. ஆனால் மார்லிஸ் வாக்குக் கொடுத்திருந்தாள்.

“நான் முழு நாய்க்குத்தான் குழி வெட்டிருக்கேன்,” என்றார் ஓரின்.

“இவ அம்மா எதுல போனா? அதுக்கு முன்னாடி நாம வளத்த ரஸ்டி? எல்லாம் இதே எழவு நோய்தான். எங்கயாவது ஒரு எடத்துல நிக்கணுமில்ல?”

“நிக்கட்டும். வேற எவன் நாய்லயாவது நிக்கட்டும்.”

“எல்லாரும் இதையே சொன்னா?”

“இத்தன வருஷம் ஊசி குத்துனது போதாதா? செத்தப்புறமாவது அவள சும்மா விடு தாயே.”

(ஓரினை முரடராக எழுதிவிட்டேனோ? அவர் அழுதுகொண்டிருந்தார். சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தார். அதை எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது.)

4

நகத்தைப் பற்றி ஓர் இடைச்செருகல். வருடாந்தரச் சோதனைக்கு முன்னால் சில வாரம் நகம் வெட்டக்கூடாது. அனுப்புகிற அளவுக்கு வளர வேண்டும். அந்த நாட்களில் மரத்தரையில் பிப்பா டக் டக்கென்று நடப்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் வழியாக என் அடுப்படிவரை கேட்கும். ஒரு வருஷம் ஓரின் சத்தம் பொறுக்காமல் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டார். மார்லிஸ் கூடையைக் கவிழ்த்து, காப்பிச் சக்கைக்குள் விரலை விட்டு நகம் பொறுக்கினாள். “உன்னக் கட்டிக்கிட்டதுக்கு இதுவும் வேணும் எனக்கு!”

5

முடிவு ஒன்று: ஓரின் மனம் மாறி, பிப்பாவைத் தானே வண்டியில் ஏற்றி...

முடிவு இரண்டு: மார்லிஸ் மனம் மாறி, ஆப்பிள் மரத்தடியில்...

இரண்டையும் மார்லிஸிடமே படித்துக் காட்டினேன். (புத்தி கெட்டவன்.)

“உசுரோட இருக்கறவள ரெண்டு தடவ கொன்னுட்டியே, பாவி,” என்றாள். “எங்க ரெண்டு பேருக்கே என்ன பண்றதுன்னு தெரியல. உனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்?”

வெட்கமாகப் போயிற்று. கிழித்துப் போட்டேன். மறுநாள் மூன்றாவது முடிவை ஆரம்பித்தேன்.

6

நேற்றுக் காலை ஓரின் வேலியருகே வந்தார். பின்னாலேயே வாசல் பலகையில் டக் டக்.

“நகம் நீளமா இருக்கே,” என்றேன்.

“வெட்டல.”

“சோதனைக்கு இன்னும்...” நான் முடிக்கவில்லை. அதுவரை அவள் இருக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“தெரியும்யா. செத்தப்புறம் நகமும் கேப்பாங்க இல்ல?” குனிந்து அவள் காதைத் தடவினார். “போன்ல பேச உனக்குத்தான் வரும். ஒண்ணு கேட்டுச் சொல்லு. எல்லாம் எடுத்தப்புறம், தச்சு வீட்டுக்குத் திருப்பிக் குடுப்பாங்களா? மார்லிஸ்கிட்ட கேட்டா, நான் ஒத்துக்கிட்டேன்னு அழ ஆரம்பிச்சிடுவா.”

7

கேட்டேன். கொடுப்பார்களாம். ஓரினிடம் சொன்னேன், தலையாட்டிவிட்டு உள்ளே போனார். மார்லிஸிடம் சொன்னாரா என்று தெரியாது.

முடிவு மூன்று: ‘ஒரு நாள் காலை அந்தச் சத்தம்...’

இந்த வரியை இப்படியே விடுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் டக் டக் கேட்கிறது. நடந்துகொண்டிருக்கும் நாயைக் கொல்ல என்னால் ஆகாது. மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் கடைசியில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். குழிக்குள் பனி விழாமலிருக்க ஓரின் பலகை போட்டு மூடி வைத்திருக்கிறார்.