இறக்கிவிடும் கரை

படகு மணலில் உரசி நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள். நெமியா மட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எறங்குங்க," என்றான் டோமிங், முழங்கால் தண்ணீரில் நின்று படகைப் பிடித்தபடி.

"நான் இங்கயே இருக்கேன். நீங்க காப்பி குடிச்சிட்டு வாங்க."

"நல்லா இருக்கே கதை! நீங்க எறங்கலேன்னா அவரும் எறங்க மாட்டாரு. அப்புறம் நம்மகூடவே ஊருக்கு வருவாரு. எம் பொண்டாட்டி நெறமாசமா வீட்ல கெடக்கா, தெரியுமில்ல?"

சாவு வீட்டுக்குப் போனவர்கள் நேராக வீடு திரும்பக் கூடாது. வழியில் எங்காவது இறங்கி, எதையாவது குடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கிளம்ப வேண்டும். பின்னாலேயே வந்த உயிர் அங்கே வழி தெரியாமல் நின்றுவிடும். பட்டணத்தில் இருப்பவர்கள் இதற்குக் காப்பிக் கடைக்குப் போவார்கள். இவர்கள் தீவுக்காரர்கள், பெரிய தீவுக்கும் இவர்கள் தீவுக்கும் நடுவே இருந்தது இந்தக் கரை ஒன்றுதான். மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, படகை விட்டால் வேறு வழி கிடையாது. மணிலாவிலிருந்து வருகிறவர்கள் இங்கே குளித்துவிட்டு, என்ன அமைதி, என்ன அமைதி என்று மாய்ந்து போவார்கள். அந்த அமைதி எதனால் என்று ஊரில் யாரும் வாய் திறந்ததில்லை. திறந்தால் அவர்களைப் படகில் கூட்டிவரும் டோமிங் பிழைப்பில் மண்தான்.

நெமியாவுக்குத் தெரியும். தென்னையிலிருந்து விழுந்த நெஸ்தோரை இங்கேதான் விட்டார்கள். பிரசவத்தில் போன லூமென் இங்கேதான். அவளே எத்தனை முறை இந்த மணலில் நின்று காப்பி குடித்து, கை உதறிவிட்டுப் போயிருக்கிறாள். வெறுமையாகக் கிடந்த கரையை இன்று அவளால் வெறுமையாகப் பார்க்க முடியவில்லை. பனைமர நிழலில், இங்கே விட்டுப்போன உயிர்கள் எல்லாம் உட்கார்ந்து, யார் வருவது என்று படகையே பார்ப்பதுபோல இருந்தது. அவர்கள் நடுவில் போய் அவள் தம்பி ரூஃபோ நிற்க வேண்டுமா? சின்ன வயதில் கக்கூசுக்குக்கூடத் தனியாகப் போக மாட்டான், அக்கா வாசலில் நின்று பாட வேண்டும்.

அப்பாவின் படகு எஞ்சினை விற்றுவிட்டு ஓடிப்போனவன் ரூஃபோ. அப்பா அதற்குப் பிறகு கடலுக்குப் போகவே இல்லை. ஒருமுறை யார் மூலமோ கேட்டனுப்பினான்: அக்காவுக்குக் கோபம் தணிந்துவிட்டதா என்று. "தணியலைன்னு சொல்லு" என்று அனுப்பினாள் அவள். பொய்தான். நேரில் வரட்டும், நடுவாசலில் நிற்க வைத்து நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் சோறு போடுவது என்று இருந்தாள். கேள்விகளையெல்லாம் பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். இன்று பெரிய தீவில், சவப்பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே, நரைத்த மீசையோடு யாரோபோல் கிடந்தவனிடம் ஒரு வார்த்தை வரவில்லை. கூடப் பிறந்தவள், ஊர்க்காரர்களோடு ஊர்க்காரியாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுவிட்டு எழுந்து வந்தாள். அவன் பெண்டாட்டி வாசல் வரை வரவில்லை. சாவு வீட்டில் யாரும் வழியனுப்பக் கூடாது, அதுதான் முறை. ஆனாலும் அவளுக்கு வலித்தது.

"அடியே நெமியா, ஒன் ஒருத்திக்காக ஊரே அவனைத் தூக்கிச் சொமக்கணுமா?" பக்கத்து வீட்டு ஆவ்ரிங் கரையிலிருந்து கத்தினாள். "நான் தனியாக் கெடக்கறவ. ராத்திரி கதவத் தட்டினான்னா நீயா வந்து படுப்ப?"

"அவன் ஒன் வீட்டுக்கு எதுக்கு வர்றான்? ஒன் கொழம்பு வாடைக்கு உயிரோட இருக்கறப்பவே அந்தப் பக்கம் வரமாட்டான்."

யாரோ சிரித்தார்கள். டோமிங் சிரிக்கவில்லை. "ஒங்கள எறக்காம எஞ்சின் கிளப்ப மாட்டேன்க்கா," என்றான், மெதுவாக. மிரட்டல் இல்லை, கெஞ்சல்.

நெமியா இறங்கினாள். நிறைமாதக்காரியை நினைத்தால் வேறென்ன செய்ய முடியும். ஆவ்ரிங் குடுவையிலிருந்து ஊற்றிக் கொடுத்த காப்பி ஆறிப்போய் இனித்தது. காற்று நின்றிருந்தது. அலைகூட மணலில் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. தனக்குப் பின்னால், ஒரு அடி தள்ளி, யாரோ தயங்கி நிற்பதாக அவளுக்குப் பட்டது. எஞ்சினை விற்ற அன்று, ஓடிப்போவதற்கு முன்னாலும் அவன் அப்படித்தான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். அப்போதும் அவள் திரும்பவில்லை.

"போதும், ஏறுங்க. யாரும் திரும்பிப் பாக்காதீங்க," என்றான் டோமிங்.

வரிசையாக ஏறினார்கள். நெமியா கடைசி. படகில் ஒரு காலை வைத்தவள், மறுகாலை எடுக்காமல் திரும்பிக் கரையைப் பார்த்தாள். ஆவ்ரிங் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ரூஃபோ," என்றாள் நெமியா. பிறகு உரக்கக் கூப்பிட்டாள். "வாடா, வீட்டுக்குப் போலாம். திட்ட மாட்டேன்டா. சத்தியமாத் திட்ட மாட்டேன்."

பாறை அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் திருப்பிச் சொன்னது. அவள் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு படகு இன்னொரு முறை லேசாகத் தாழ்ந்து எழுந்தது. அலையாக இருக்கலாம்.

டோமிங் எஞ்சின் கயிற்றைப் பிடித்தபடி வெகு நேரம் நின்றான். வீட்டில் இருப்பவளை நினைத்திருப்பான். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்: "நடுவுல உக்காரச் சொல்லுங்க. ஓரத்துல உக்காந்தா படகு சாயும்."

ஆவ்ரிங் முணுமுணுத்துக்கொண்டே தன் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊர்க்கரைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. டோமிங் முதலில் குதித்து, வழக்கம்போல ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து இறக்கினான். கடைசியாக நெமியா. அவள் மணலில் கால் ஊன்றி, பாவாடையைப் பிழிந்துகொண்டு நிமிர்ந்தாள். படகில் யாரும் இல்லை. டோமிங் அந்த நடுப்பலகைக்கு நேராக இன்னும் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.