ஒலியாத முரசு

மழை ஓய்ந்தும் வெயில் இன்னும் முகம் காட்டாத பிற்பகல் வேளை. ஆற்றை நோக்கிச் சரிந்திறங்கும் அகன்ற தெருவின் மேற்புறத்தே, செங்கல்லால் எழுந்து, சுண்ணத்தால் வெளுத்து, காலத்தால் மீண்டும் செம்மை காட்டத் தொடங்கியிருந்த சட்டக் கல்லூரி, ஆடிய குளத்தினின்று கரையேறி நிற்கும் யானைபோல் நீர் சொட்ட நின்றது. கூரை விளிம்பில் தங்கிய துளிகள் ஒன்றையொன்று தள்ளி வீழ, தூணிடுக்குகளில் ஒண்டியிருந்த புறாக்கள் இறகுதறி வெளிவர, நூலகத்தின் நெடிய பலகணிகளை ஏவலர் ஒவ்வொன்றாய்த் திறந்துவிட, உள்ளே அடைபட்டுக் கிடந்த பழந்தாளின் மணம் ஈரக்காற்றோடு கைகோத்துத் தாழ்வாரமெங்கும் உலவியது. அத்தாழ்வாரத்தில் நடந்து பயின்றவர் எவரும், பின்னாளில் எத்துணைப் பெரிய மன்றங்களில் ஏறி நின்றாலும், மழைவிட்ட பொழுதுகளில் அந்த மணத்தை எண்ணி ஒரு கணம் ஏங்காது இருந்ததில்லை.

அந்நாளில் அங்குப் பயின்றோருள் ஒரு பெண் இருந்தாள். ஈன்றோர் இட்ட பெயரைக் கல்லூரிப் பதிவேடு மட்டுமே அறியும்; தோழர்க்கெல்லாம் அவள் முரசு. காலையில் காதில் விழுந்த செய்தியை நண்பகலுக்குள் மாடிதோறும் கொண்டு சேர்க்கும் ஆற்றலால் அவள் ஈட்டிய பட்டம் அது. எவரையும் புண்படுத்தும் எண்ணம் அவளுக்குக் கடுகளவும் இல்லை; கேட்டது இனித்ததனால் பகிர்ந்தாள், பகிர்ந்தது சிரிக்க வைத்ததனால் மேலும் கேட்டாள். ஓட்டைப் பானையில் நீர் தங்காதது பானையின் குற்றமன்று, அதன் அமைப்பு என்று தன்னைத் தானே வழக்காடி விடுவித்தும் கொள்வாள்.

இறுதியாண்டில் அவர்களுக்குத் தொழிலறம் என்றொரு பாடம் இருந்தது. அது கற்பிக்கப்பட்ட முறையைச் சற்றே விரித்துரைத்தல் நன்று. ஏனெனில் இக்கதை முழுதும் அம்முறையின் ஒரு சிறு விரிசல் வழியே கசிந்து வந்ததாகும். நீந்தக் கற்பிப்பவன் கரையில் இருந்து சொற்பொழிவாற்றுவதில் பயனில்லை என்று கருதிய பேராசிரியர், ஆண்டுதோறும் பொய் வழக்கொன்றைப் புனைந்து, ஊரார் சிலரைக் கட்சிக்காரராக நடிக்கச் செய்வார். நடிப்பவர் கையில் வழக்கின் கதையெழுதிய தாள் ஒன்று தரப்படும். இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் மட்டுமே கொண்ட சிற்றறையில், கதவடைத்து, மூன்றாமவர் எவருமின்றி, மாணவர் அவரிடம் கேள்விகள் கேட்டு உண்மையை வாங்க வேண்டும். பின்னர் வகுப்புக்கு மீண்டு, கேட்டதனைத்தையும் எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும். எது விடுபட்டது, எது தவறாய்க் கேட்கப்பட்டது என்று உடன்பயில்வோர் அலசுவர். கல்லூரி அலுவலகத்துச் சுருக்கெழுத்தாளர் ஒரு மூலையில் அமர்ந்து யாவற்றையும் எழுதிக்கொள்வார். உண்மைக் கட்சிக்காரரின் சொல்லை உயிர்போல் காக்க வேண்டும். நடிப்புக் கட்சிக்காரரின் சொல்லை ஒன்று விடாது கொட்ட வேண்டும். முன்னது அறம், பின்னது பயிற்சி. இரண்டும் ஒன்றோடொன்று மோதக்கூடும் என்பதை அந்நாள்வரை எவரும் எண்ணிப் பார்த்திலர்.

கட்சிக்காரராக நடிப்போருள் தலையாயவள் அங்கியக்காள். மாணவர்க்குக் கறுப்பு அங்கி தைத்துக் கொடுப்பவளாதலின் அப்பெயர் பெற்றாள். இளமையில் ஊரூராய்ச் சென்ற நாடகக் குழுவொன்றில் அரசியாகவும் தோழியாகவும் அரங்கேறியவள். இப்போது கல்லூரிப் பின்வாயிலருகே தையற்பொறியும் தானுமாய் இருந்தாள். ஓராண்டு ஏமாந்த வணிகன் மனைவியாக வந்து மாணவரைக் கண்கலங்க வைப்பாள்; மறு ஆண்டு திருட்டுப் பொருள் வாங்கியவளாக வந்து, கேட்கும் கேள்விக்கெல்லாம் நேர்விடை கூறாமல் அவர்களை வியர்க்க வைப்பாள். சுருக்கெழுத்தாளராய் மூலையில் அமர்ந்திருப்பவள் அவளுடைய ஒரே மகள். தாய் நடிப்பதைக் காணாமல், நடித்ததைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதுவதே அவள் பணியாதலின், சில வேளை எழுதுகோலை நிறுத்திவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

அவ்வாண்டுப் பேராசிரியர் புனைந்த கதை இது: பெறாத பிள்ளையை எழுத்தேதுமின்றி எடுத்து வளர்த்தாள் ஒருத்தி, பெற்றவள் இப்போது வந்து கேட்கிறாள், வளர்த்தவளுக்கு உரிமை உண்டா? அன்று அங்கியக்காளிடம் மூவர் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. முதல் இருவரும் கேட்டு மீண்டபின், மூன்றாமவளாய்க் கதவைத் திறந்து நுழைந்தாள் முரசு.

சிறிது நேரம் எல்லாம் முறைப்படியே நடந்தது. பிள்ளை எப்போது வந்தது, எவர் அறிவர், சான்று உண்டா என்று இவள் கேட்க, அவள் தாளிற்கண்டவாறு விடையிறுத்தாள். முரசுக்கோ வழக்கினும் கதை இனித்தது. சட்டத்துக்கு எவ்வகையிலும் தேவைப்படாத ஒரு கேள்வியை, அண்டை வீட்டாரிடம் கேட்பதுபோல் கேட்டுவிட்டாள்: "புள்ளைக்கு உங்க சாயல் கொஞ்சமாவது இருக்காக்கா?"

அதற்குத் தாளில் விடையில்லை. நாடகத்தில் அடி மறந்தவர் கைவசமுள்ள எதையேனும் பேசிச் சமாளிப்பர். அங்கியக்காள் கைவசம் இருந்ததோ தன் வாழ்க்கை ஒன்றுதான்.

"முகத்துல இல்ல. தும்முறது மட்டும் அப்படியே என்னை மாதிரி. பக்கத்துலயே வளர்ந்தா தும்மல்கூட ஒட்டிக்கும்போல."

சொல்லிச் சிரித்தவள், சிரிப்பு முடியுமிடத்தில் அழுகையாய் மாறக் கண்டாள். பிறகு கரையுடைந்த ஏரியென வந்தன சொற்கள். குழு வெளியூர் சென்றிருந்தபோது உடன் நடித்த தோழி ஒருத்தி மகவு ஈன்றதும், மூன்றாம் நாள் விடியலில் அவள் மகவை விட்டுவிட்டு ஊரைவிட்டே போனதும், மகள் இன்றளவும் அறியாததும், இப்போது அத்தோழி ஆள்மூலம் சொல்லியனுப்பி அடுத்த திங்கள் வந்து பார்க்க விழைவதும் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன. இது கதைத்தாளன்று என்பதை முரசு உணர்வதற்குள் பாதி சொல்லப்பட்டுவிட்டது.

"ஆஸ்பத்திரியில அம்மா பேர் என்னன்னு கேட்டாங்க. என் பேரைச் சொல்லிட்டேன். அது குத்தமாம்மா? நீ படிச்சிருப்பியே, சொல்லு. பொய்னு தெரிஞ்சா அவளை என்கிட்டேருந்து பிரிச்சிருவாங்களா?"

ஒருவர் எக்கணத்தில் கட்சிக்காரர் ஆகிறார் என்பது தொழிலறத்தின் முதற்பாடம். கட்டணம் கொடுக்கும்போதன்று, கையொப்பம் இடும்போதும் அன்று. இவரிடம் சொன்னால் எனக்கு வழி பிறக்கும் என்று நம்பி வாய்திறக்கும் அக்கணத்திலேயே ஆகிவிடுகிறார். கேட்டவர் தோளில், அவர் ஒப்பினும் ஒப்பாவிடினும், காவல் ஏறிவிடுகிறது. பாடநூலில் அடிக்கோடிட்டு வைத்திருந்த அவ்வரி, இதோ மேசைக்கு அப்புறம் முந்தானையால் கண் துடைத்துக்கொண்டு அமர்ந்திருந்தது.

"அக்கா, நான் இன்னும் வக்கீல் இல்ல. அரைகுறையா எதையாவது சொன்னா உங்களுக்குத்தான் கெடுதல். சனிக்கிழமை நம்ம சட்ட உதவி மையத்துல ஒரு வக்கீலம்மா இருப்பாங்க. அங்க வாங்க, நானும் இருப்பேன். இதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் முரசு.

அங்கியக்காள் அப்போதுதான் எதிரே இருப்பவள் எவளென்று நோக்கினாள். நெற்றியில் கைவைத்துக்கொண்டு, "ஊர்ல அத்தனை பேர் இருக்க, போயும் போயும் உன்கிட்டயா வாயைத் திறந்தேன்" என்றாள். அழுகைக்கு இடையிலும் இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஆயினும் அச்சிரிப்பில் ஒருத்தியின் அச்சம் தெளிவாய்த் தெரிந்தது.

வகுப்பறைக்கு மீளும் தாழ்வாரம் அன்று முரசுக்கு மிகக் குறுகியதாய்ப் போயிற்று. உள்ளே மூலையில், அந்த மகள் புதுத்தாள் திருப்பி, எழுதுகோல் கூர்நோக்கிக் காத்திருந்தாள். கேட்டதைச் சொன்னால் ஒரு தாயின் மறைபொருளை மகளின் கையாலேயே எழுத வைத்தவளாவாள். தாளிலுள்ளதை மட்டும் பிரித்துச் சொல்லலாமெனின், தாள் எங்கே முடிந்தது, வாழ்க்கை எங்கே தொடங்கியது என்பதை அவள் அறியாள்; ஒரு சொல் இடறினாலும் மூலையில் இருப்பவள் நிமிர்ந்துவிடுவாள். அவளுடைய திகைப்பைக் கண்ட நெட்டை என்னும் தோழன், அவள் சிற்றறையில் இருந்த வேளையில் அதே கதையை ஒப்பித்து முடித்தவனாதலின், குனிந்து மெல்லச் சொன்னான்: "எங்ககிட்ட சொன்னதைத்தானே உன்கிட்டயும் சொல்லியிருப்பாங்க. இதோ என் குறிப்பு, இதைப் பாத்து அப்படியே சொல்லிட்டு உக்காரு, முரசு."

எளிய வழிதான். கேளாததைக் கேட்டதாகச் சொல்லித் தொழிலறத்தில் தேறுவது, திருடிய விளக்கின் ஒளியில் திருடாமை பற்றிப் படிப்பது போன்றது என்பது ஒன்றே அதிலிருந்த குறை. சொல்லாதிருந்தால் வருவதையும் அவள் அறிவாள். இப்பாடத்தில் தேறாதவர் அவ்வாண்டு வழக்கறிஞராய்ப் பதிவு செய்துகொள்ள இயலாது. அவளுடைய உடன்பிறந்த அக்காளின் கணவர், வழக்கறிஞராதலின், தம் அலுவலறையில் அவளுக்கென ஓரிருக்கை ஒழித்து வைத்திருந்தார். அவள் வாராவிடில் அது வேறொருவர்க்குப் போகும் என்பதை மறையாது சொல்லியும் இருந்தார்.

"என்னம்மா கேட்டே?" என்றார் பேராசிரியர்.

முரசு எழுந்து நின்றாள். "நான் சொல்லலைங்க ஐயா."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. முரசுக்குத் தோல் கிழிந்துவிட்டது என்றான் ஒருவன். அங்கியக்காளைப் பேசவிட்டால்தானே கேட்டிருப்பாள், இவளே பேசித் தீர்த்திருப்பாள் என்றாள் ஒருத்தி. அப்படியே அவர்கள் நம்பட்டும் என்று விட்டுவிட்டாள். பேராசிரியர் கையுயர்த்தி அமைதி வருவித்து, "நினைவில்லையா, சொல்ல விருப்பமில்லையா?" என்று கேட்டார். அதற்கு விடையிறுப்பதும் கதவைச் சிறிதே திறப்பதாகும். ஆகவே அதற்கும் அவள் வாய் திறந்திலள். மூலையில் எழுதுகோல் தாளின்மேல் சற்றே நின்று, வெற்றிடம் விட்டு, அடுத்த வரிக்கு நகர்ந்தது. அவர் அவளை நெடிது நோக்கினார். பின்னர் மதிப்பெண் தாளில் சுழியிட்டார்.

அவ்வாண்டு தோழரெல்லாம் அங்கி பூண்டு, உறுதிமொழி ஏற்று, திசைக்கொருவராய்ப் பிரிந்தனர். அக்காள் கணவரின் அலுவலறை இருக்கையில் வேறொருவர் அமர்ந்தார். அவளுடைய அக்காள், "பேசாதேன்னு சொன்னப்ப எல்லாம் பேசினே; பேசுன்னு சொன்ன ஒரே நாள்ல வாயை மூடிக்கிட்டியே" என்று ஏசியதற்கும் முரசு காரணம் கூறிலள். பாடத்தை மீண்டும் பயிலும் அவ்வோராண்டும் சனிதோறும் அங்காடித் தெருவில், பழைய அஞ்சலகத்தின் பின்னறையில் இயங்கிய கட்டணமில்லாச் சட்ட உதவி மையத்துக்குச் செல்வாள்; வருவோரை வரிசையில் அமர்த்துவாள், எழுதத் தெரியாதவர் சொல்வதை எழுதிக் கொடுப்பாள். முன்பெல்லாம் ஒருவர் துயரைப் பாதி கேட்குமுன்பே தன் கருத்தை அவிழ்த்துவிடும் அவள், இப்போது முழுதும் கேட்டாள். சொற்களுக்கு இடையே மாந்தர் மூச்சு விடுகின்றனர் என்பதும், சொல்லவந்ததில் பாதி அம்மூச்சில் இருக்கிறது என்பதும் அவளுக்கு அங்குதான் விளங்கின.

அங்கியக்காளும் ஒரு சனியன்று வந்தாள். மையத்து வழக்கறிஞர் அவளைத் தனியறைக்கு அழைத்துச் சென்று, பதிவில் நேர்ந்த பொய்யை முறைப்படி மன்றத்தில் அவளே முன்சென்று உரைத்துத் திருத்தும் வழியையும், மகள் அகவை நிரம்பியவளாதலின் எவரும் எவரிடமிருந்தும் அவளைப் பிரிக்க இயலாது என்பதையும் எடுத்துரைத்தார். அத்தனை ஆண்டும் நெஞ்சில் கல்லாய்க் கிடந்த அச்சத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்றறிந்து, அவள் வெளிவந்து நெடுநேரம் படிக்கட்டில் அமர்ந்திருந்தாள். முரசு அருகே அமர்ந்தாள். அன்று இருவரும் பேசியது, ஊசியின் விலை ஏறிவிட்டதைப் பற்றி மட்டுமே.

அடுத்த ஆண்டு வகுப்பு தொடங்கியபோது கரும்பலகையில் புதுவிதி ஒன்று எழுதப்பட்டிருந்தது: கேட்டதைச் சொல்ல மறுப்பவரிடம் காரணம் வினவப்படாது, மதிப்பெண்ணும் குறைக்கப்படாது. சோம்பலால் ஆயத்தமின்றி வந்த சிலர் அந்நிழலில் ஒதுங்கப் பார்த்ததும் உண்டு. அதனை அறிந்தும் பேராசிரியர் விதியை மாற்றிலர். காவாதவர் பலர் ஒதுங்கினும் காப்பவர் ஒருவர்க்கு நிழல் வேண்டும் என்று கருதினார் போலும். முரசின் சுழியை மட்டும் அவர் திருத்திலர். திருத்தினால் ஏன் என்று ஊர் கேட்கும் என்பதை அவரும் அறிந்திருந்தார்.

மீண்டும் அச்சிற்றறை, மீண்டும் அங்கியக்காள். இம்முறை கதை, எல்லைக்கல் பெயர்த்த அண்டை வீட்டாரைப் பற்றியது. அவள் ஒரு சொல்லும் பிறழாது நடிக்க, முரசும் ஒரு கேள்வியும் வழுவாது கேட்டாள். முடிந்தபின், எழுந்த அங்கியக்காள் கதவுப் பிடியில் கைவைத்தவாறே நின்றாள்.

"என் மகளுக்கு நானே சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் வந்து, 'தும்மல் உன்னோடதுதானே, அது போதும்'னா. அவளைப் பெத்தவளும் வந்து பாத்துட்டுப் போனா. இனிமே மறைக்க ஒண்ணுமில்ல. உனக்குப் போன வருசத்து மார்க்கு திரும்பக் கிடைக்கும்னா, தாராளமா சொல்லிக்கோம்மா."

முரசு சற்றே எண்ணினாள். சொல்ல இசைவு கிடைத்துவிட்டது, காவல் இறங்கிவிட்டது, ஓர் ஆண்டின் நகைப்புக்கெல்லாம் ஒரே மூச்சில் விடையிறுக்கலாம். ஆயினும் சொல்லும் வேட்கை எங்கே என்று தன்னுள் தேடியபோது, அது இருந்த இடம் துப்புரவாய் ஒழிந்து கிடப்பதைக் கண்டு வியந்தாள்.

"எதைச் சொல்றது, அக்கா?" என்றாள்.

ஆண்டுகள் பல ஓடின. அங்கியக்காளும் பேராசிரியரும் மறைந்தனர். தோழர் கூடும் நாள்களில், இப்போது நடுவராய் அமர்ந்து நரைத்துவிட்ட நெட்டை, அந்தச் சுழியின் கதையை மட்டும் இன்னும் விடாது கேட்பான். முரசு எல்லாக் கதையும் சொல்வாள்: மழைவிட்ட தாழ்வாரத்தை, புறாக்களை, தேர்வில் உறங்கியவனை, தூணுக்குப் பின் காதலித்தவரை. சொல்லச் சொல்ல யாவரும் இளைஞராகி, விழிநீர் துளிக்கச் சிரிப்பர். அந்த ஒரு பிற்பகலுக்கு வரும்போது மட்டும் அவள் குவளையில் தேநீர் ஊற்றிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். நம்பிச் சொன்னவர் மண்ணில் மறைந்த பின்னும் அவர் நம்பிக்கை கேட்டவர் நெஞ்சில் வாழ்ந்திருத்தலே அத்தொழிலின் அறம். கற்பித்தோர் போயினர், கற்ற அறைகள் மங்கின. காத்தது மட்டும் காத்தவாறே நின்றது.