கடலைக்காட்டில் பாய்ந்த குதிரை

அம்மியே பறக்கும் ஆடியில் வெறும் துணியைத் திரையாகக் கட்டியது லிடியாவின் தப்புதான்.

எல்லோரும் மறந்துபோன பழைய படங்களைத் தேடிப் பிடித்து, வெட்டி ஒட்டி, வெட்டவெளியில் புதுவிதமாகக் காட்டுவது அவள் வேலை. திண்டுக்கல்லில் பூட்டிக் கிடந்த ஒரு தியேட்டரில் கிடைத்த இந்தச் சுருளுக்குப் பெயரும் இல்லை, சத்தமும் இல்லை. வாளேந்திய ஒரு பெண் குதிரையில் பறக்கிறாள். ஒரு படையே அவளைத் துரத்துகிறது. அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

சேவுகம்பட்டிக்கு வெளியே அறுவடை முடிந்த சோளக்காட்டில் ஊரே கூடியிருந்தது. இருட்டியதும் புரொஜெக்டரைப் போட்டாள். குதிரை நாலு பாய்ச்சல் பாய்ந்திருக்காது. படாரென்று கயிறு அறுந்து, திரை பறந்துபோய்க் கருவேல முள்ளில் சிக்கி நார்நாராய்க் கிழிந்தது.

"அம்புட்டுத்தானா? ஏலே, எந்திரிங்கடா, போவோம்" என்று யாரோ சொன்னார்கள்.

லிடியா புரொஜெக்டரை அணைக்கக் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து, தோட்டத்து மோட்டார்களுக்கு முறைவைத்து விடும் த்ரீபேஸ் கரண்டு வந்தது. எதிரே விவசாயி பொன்னழகின் கடலைக்காட்டில் மோட்டார் தானாக ஓடத் தொடங்க, செடிகளுக்கு மழைபோல் நீர் தெளிக்கும் ரெயின் கன் சுழன்று தண்ணீரை வானத்துக்கு விசிறியடித்தது.

அந்தத் தண்ணீரில் குதிரை பாய்ந்தது!

கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. பொன்னழகு பதறிப்போய் மோட்டார் கொட்டகைக்கு ஓடினார்.

"மன்னிச்சுக்க தாயி! இந்தா நிப்பாட்டுறேன்!"

"அண்ணே, நிப்பாட்டாதீங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஓட விடுங்க!"

தண்ணீர் சுற்றி வரும்போதெல்லாம் குதிரைக்காரி ஆளுயரத்துக்கு மேலே எழுந்து வந்தாள், விலகியதும் மறைந்தாள். காற்று சாரலை அள்ளிக் கூட்டத்தின் மேல் வீசியது. ஒருவரும் நகரவில்லை. பூக்கட்டும் பேச்சாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "விடாத தாயி! வெரட்டு குதிரைய!" என்று அலறினாள். ஊமைப் படத்துக்கு ஊரே குரல் கொடுத்தது. லிடியா நனைந்த தலையோடு சிரித்தாள், அழுகையும் வந்தது.

ஆற்றங்கரையில் குதிரை எம்பியதும் சுருள் முடிந்துவிட்டது.

"ஆத்தத் தாண்டுனாளா இல்லையா?" என்று பொன்னழகு கேட்டார்.

"தெரியலண்ணே. மிச்சம் கிடைக்கல."

"தாண்டிட்டா. நான் பாத்தேன்" என்றாள் பேச்சாயி, அடித்துச் சொல்வதுபோல.

"நானும் பாத்தேன்!", "இன்னொருவாட்டி போடு ஆத்தா!" என்று நாலா பக்கமும் குரல்கள்.

பொன்னழகு கடலைச்செடிகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "கரண்டு இருக்கமட்டும் போடு தாயி. ஒருநா ரெண்டு வாய் கூடக் குடிச்சா கடலை ஒண்ணும் கோவிச்சுக்காது."

லிடியா புரொஜெக்டரை நோக்கி ஓடினாள்.