வங்கியில் இருக்கிற வடிவு

வங்கியில் இன்னொரு வடிவு இருக்கிறாள் என்பதில் சண்முகவடிவுக்குக் குழப்பம் எதுவும் இல்லை. அதைச் சொல்லும்போது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் பயம். எட்டாம் வகுப்போடு நின்றவள் சொன்னால் நாலு பேர் நாலு விதமாக எடுத்துக்கொள்வார்கள். ஆனாலும் மகளின் கல்யாண மண்டபம் கைவிட்டுப் போக இருந்த அந்தக் காலையைப் பற்றி யாராவது கேட்டால் அவளால் சொல்லாமல் இருக்க முடியாது.

அந்த ஊரில் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வங்கியில் இன்னொருவர் உண்டு. யாருக்கு, எப்போது, எவ்வளவு அனுப்புகிறோம் என்பதைப் பார்த்துப் பார்த்தே அவர் உருவாகிவிடுவார். ஒரு பணம் கிளம்பினால் அவரிடம் போய்க் கேட்பார்கள்: "இது நீங்கள் செய்கிற காரியமா?" ஆமாம் என்றால் பணம் போகும். இல்லை என்றால் திரும்பி வரும். அவர் யோசித்தால், யோசித்து முடிக்கும்வரை பணம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

மகள் பொன்மதிக்கு வைகாசியில் ஒரே ஒரு முகூர்த்தம்தான் தோதாக அமைந்தது. அந்த நாளில் ஊரில் ஒரு மண்டபம்தான் மிச்சம். மதியத்துக்குள் வாடகைப் பணம் வராவிட்டால் அடுத்த பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேனேஜர் செல்லையா சொல்லிவிட்டார். ராகுகாலம் கழியட்டும் என்று வடிவு காத்திருந்தாள். அவள் ஃபோனில் கண்ணாடி கீறியிருந்ததால் பொன்மதிதான் தன் ஃபோனில் அம்மாவின் கணக்கைத் திறந்தாள். முதலில் மங்கலமாக ஒரு ரூபாய் அனுப்பினார்கள். பின்னாலேயே அறுபதாயிரம். ஒரு ரூபாய் போய்ச் சேர்ந்தது. அறுபதாயிரம் திரும்பி வந்தது. பொன்மதி மறுபடியும் மறுபடியும் அழுத்தினாள். கடைசியில் பணம் போகவும் இல்லை, வரவும் இல்லை.

"யம்மா, நீ நேர்ல போ. உன்னை நீயே பார்த்துட்டு வா," என்றாள் பொன்மதி.

வங்கியில் கவுண்டர்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் இன்னொரு வடிவு உட்கார்ந்திருந்தாள். அதே மாம்பழ நிறச் சேலை. ஃபோனில் பணம் கட்டி வாங்கியது என்பதால் அவளிடமும் இருந்தது. மூக்குத்தி மட்டும் இல்லை. அது வடிவுக்கு அவள் அம்மா போட்டது. பக்கத்துப் பெஞ்சில் அறுபதாயிரம் உட்கார்ந்திருந்தது. குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தார்கள்.

"அக்கா, அது என் பணம்தான். விட்டுருங்க."

"அக்கா என்ன அக்கா? ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதான். உட்காரு," என்றாள் அவள். "முதல்ல ஒரு ரூபா போகுது, பின்னாலயே அறுபதாயிரம் போகுது. திருடன் அப்படித்தான் செய்வான். கதவு திறந்திருக்கான்னு ஒரு ரூபாயை விட்டுப் பார்ப்பான்."

"அது மங்கலத்துக்கு."

"அதை நீ எப்பவும் கவர்லதானே வைப்ப? என் கண்ணுக்கு வந்ததே இல்லையே. ஃபோன் புதுசு. விரலும் புதுசு. நீ ஒவ்வொரு நம்பரா தடவித் தடவி அழுத்துவ. இது கோழி கொத்துற மாதிரி கொத்துது. செல்லையா யாருன்னே எனக்குத் தெரியாது. திருப்பி அனுப்பினா உடனே திரும்பத் திரும்பக் குத்துறீங்க. நான் என்னன்னு நினைக்க?"

இவ்வளவையும் அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்.

"போன ஆடியில யாரோ உன் பேர்ல டெல்லியில நாலு செல்ஃபோன் வாங்கப் பார்த்தான். முடியாதுன்னுட்டேன். அப்பத்தான் நீ இங்க முருங்கைக்கீரைக்குப் பணம் அனுப்பியிருந்த. கீரை வாங்கின கையோட டெல்லிக்கா போவ?"

வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கட்டின புருஷன் உலகநாதனுக்கு, அவள் காப்பிக்குச் சீனி போடுவாளா மாட்டாளா என்பது இன்றுவரை தெரியாது. இவளோ தூங்காமல் கொள்ளாமல் காவல் இருந்திருக்கிறாள். ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

"சில சமயம் நல்ல பணத்தையும் உட்கார வச்சிடுறேன். அது எனக்கும் தெரியும்," என்றாள் அவள். "ஆனா மத்ததெல்லாம் போகட்டும். உன் கணக்குல முழுசா ஒரு தொகை போனதே கிடையாது. எல்லாத்துலயும் அஞ்சோ அம்பதோ குறைச்சிட்டுத்தான் கொடுப்ப. அறுபதாயிரத்தை அப்படியே தூக்கிக் கொடுக்கிறவ வடிவு இல்ல."

வடிவு யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. இருந்தாலும் செல்லையாவைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, அம்பத்தெட்டுக்கு முடிச்சிக்கிடுவோம்."

"விளையாடுறீங்களா தாயி? எதிர்ல அடுத்த பார்ட்டி உட்கார்ந்திருக்கு."

நாற்காலியில் இருந்தவள் காதை அருகே கொண்டுவந்தாள்.

"அவங்ககிட்ட, பந்தி நடக்கிற இடத்துல ரெண்டு ஃபேன் ஓடாதுன்னு சொல்லிட்டீங்களா அண்ணாச்சி?" என்றாள் வடிவு. மண்டபம் பார்க்கப் போனபோதே அதைக் கவனித்து வைத்திருந்தாள்.

"அம்பத்தொன்பது," என்றார் மெல்ல.

"அம்பத்தெட்டு ஐந்நூறு."

"அனுப்பித் தொலைங்க தாயி. ஃபேன் பேச்சை இதோட விட்டுருங்க."

"இவ வடிவுதான்," என்றாள் இன்னொரு வடிவு.

பெஞ்சிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு எழுந்து வீட்டுக்குத் திரும்பியது. மீதி தண்ணீரைக் குடித்துவிட்டு மண்டபத்துக்குக் கிளம்பியது.

அதன் பிறகு வடிவுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. கல்யாணத்தன்று இதுவரை செய்யாத காரியங்களைத்தான் செய்தாக வேண்டும். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பணம் போகும். கூட்டத்தோடு கூட்டமாகத் திருடனும் கையை நீட்டுவான். அந்த நேரம் பார்த்து நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. அதற்காக, இத்தனை வருஷம் காவல் இருந்தவளைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாமலும் இருக்க முடியாது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று காலையில் வடிவு தன் பட்டுச்சேலையை அவளுக்குக் கட்டிவிட்டாள். மூக்குத்தியைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். பொன்மதி இரண்டு பேரையும் பார்த்து, "யாராவது ஒருத்தராவது அழாம இருங்க," என்றாள். பொன்மதியும் இன்னொரு வடிவும் மண்டபத்துக்குப் போனார்கள். வடிவு வங்கிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கெட்டிமேளம் அங்கேயும் லேசாகக் கேட்டது. வடிவு இருந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

பந்தி முடிகிற நேரத்தில் ஒரு பணம் வந்து நின்றது. சமையல்காரருக்கு நாற்பதாயிரம். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

"இது நீங்கள் செய்கிற காரியமா?" என்று கேட்டார்கள்.

வடிவு யோசித்தாள். பிறகு அதைப் பெஞ்சில் உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள்.