நோயாளியைத் தொடக் கூடாது

அக்ஷதா இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ. தோழிகள் சயின்ஸ் குரூப்புக்குப் போனபோது, இவள் வீட்டில் சண்டை போட்டுத் தொழிற்கல்வியில் சுகாதாரப் பணியாளர் பிரிவில் சேர்ந்தாள். பயிற்சிக்கு மல்காஜ்கிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி கிடைத்தது. மெட்டுகுடாவிலிருந்து ஆசையாகப் போனவளை டோக்கன் மேசையில் உட்கார வைத்தார்கள். வாரங்கள் ஓடியும் மேசை மாறவில்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் நோயாளிகளைத் தொடக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஒரு மதியம் ஃபைல் வைக்க வார்டுக்குப் போனாள். இடுப்பில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த ராஜகோபால் கையசைத்துக் கூப்பிட்டார். மகன் ஐடி வேலைக்குப் போய்விட, தமிழ் மட்டுமே தெரிந்தவர் தெலுங்கு பேசும் ஊரில் தனியாகக் கிடந்தார்.

"பாப்பா, பெட்பேன் வைக்கணும். நான் சொல்றது யாருக்கும் புரியல."

வீட்டில் தமிழ் பேசும் அக்ஷதாவுக்குப் புரிந்தது. எப்படி வைப்பதென்று வகுப்பில் படித்திருந்தாள். பொம்மையின் மேல்கூடச் செய்து பார்த்ததில்லை. நர்ஸ் ரோகிணியிடம் ஓடினாள். அவளோ இன்னொரு நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இரு என்றாள். அவள் வருவதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. ராஜகோபால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்ஷதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "சொல்லிக் குடுங்கக்கா. எதுக்கு என்னை இங்க வெச்சிருக்கீங்க?"

"நக்கோ, வேணாம். ஏதாவது ஆச்சுன்னா என் வேலை போயிடும்" என்றாள் ரோகிணி. ஆனால் வார்டில் வேறு ஆளில்லை. முகத்தைச் சுளித்தபடியே கையுறையை நீட்டினாள். காலுக்கு நடுவே தலையணை வைத்து, பெரியவரைப் புரட்டும் விதத்தைச் சொல்லச் சொல்ல, அக்ஷதா அப்படியே செய்தாள். விரிப்பு மாறியது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டினார்.

மறுநாளும் டோக்கன் மேசைதான். மேனேஜர், விதி விதிதான் என்றார். கல்லூரி ஆசிரியர் ஆனந்தகுமாரோ பேசாமல் முடித்தால் சர்டிஃபிகேட் வந்துவிடும் என்றார். ஆஸ்பத்திரியை மாற்றிக் கேட்டால் வேறு இடத்தில் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும், கோடை விடுமுறையும் போய்விடும் என்று எச்சரித்தார்.

"போகட்டும் சார். மாத்திக் குடுங்க."

பயிற்சிப் பிள்ளைகளையும் நோயாளிகளைத் தொடவிடும் ஒரு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில், தொலைவில், இடம் கிடைத்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் நாள், வீணாய்ப் போன வாரங்களை நினைத்துப் பொருமிக்கொண்டே நெரிசலான பஸ்ஸில் ஏறினாள்.