பொய்யாமொழி இல்லத்துக் காவல் நாய்

தாம்பரம் முடிச்சூர் சாலையில் பொய்யாமொழி முதலியாரின் பெயரைப் பாதியில் நிறுத்த யாருக்கும் துணிச்சல் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டு மூத்த பிள்ளைக்கு வைக்கிற பெயர் அது. சுருக்கினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் சுருக்கிப் பார்த்ததில்லை. 1979-இல் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஓர் இயந்திரம் சுருக்கிக் காட்டியது.

அந்த இயந்திரம் பிறந்தது அவர் வீட்டிலேயேதான். மகள் காந்திமதி கிண்டியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எஞ்சினியர். இது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் தகப்பனார், காட்டாங்குளத்தூர் வேதாசலம், பெண் பார்க்க வந்த அன்றே பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, "வேலைக்குப் போற பொண்ணு எங்க குடும்பத்துக்குச் சரிப்படாதுங்க" என்று சொல்லிவிட்டார். அதற்காக முதலியார் பொய் சொல்லிவிடவில்லை. "பொண்ணு வீட்டோட இருக்கா" என்றார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

கல்யாணத்துக்கென்று காந்திமதி ஒரு விளக்குப் பலகை செய்திருந்தாள். 'பொய்யாமொழி முதலியார் இல்லத் திருமணம்' என்று ஒட்டுப்பலகையில் எழுத்து எழுத்தாக வெட்டி, உள்ளே சின்னச் சின்ன பல்புகள். ஒவ்வோர் எழுத்தாக எரியவைக்கும் பொறுப்பு மைக்ரோபிராசஸர் என்கிற கறுப்புச் சில்லுக்கு.

"நடுவுல அதுக்குப் புத்தி பேதலிச்சுப் போனா?" என்று கேட்டார் முதலியார்.

"அதுக்குத்தான் ஒரு காவல் நாய் வச்சிருக்கேன்பா. 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்'னு சில்லு அதை அடிக்கடி தட்டிக் குடுத்துக்கிட்டே இருக்கணும். தட்டுறது நின்னா, நாய் அதைப் பிடிச்சு உலுக்கி, 'மொதல்லேர்ந்து ஆரம்பி'ன்னு எழுப்பி விட்டுடும். மனுஷன் கையே பட வேண்டாம்."

"கல்யாண வாசல்ல நாயா?"

"வெறும் சர்க்யூட்டுப்பா. குரைக்காது."

பலகையைச் செய்தது மகன் பாலகுரு என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு. பாலகுரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருக்கிறான். வீட்டில் ஃபியூஸ் போனால், தெருவிளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு விசிறியோடு உட்கார்ந்துகொள்கிற ரகம்.

முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை, சேலையூர் மண்டபத்தில் வரவேற்பு. இருட்டத் தொடங்கியதும் பலகை எரிந்தது. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன. வேதாசலம் வாயைப் பிளந்தார்.

"உங்க பையனா செஞ்சது?"

முதலியார் தலையை அசைத்தார். வாய் திறக்காமல் அசைத்தால் அது பொய்யாகாது என்பது அவர் கணக்கு. பாலகுரு அதோடு விட்டானா? பெட்டியின் மூடியைத் திறந்து, "மாமா, இதுதான் மூளை" என்று மோதிர விரலால் ஒரு சில்லை ஆட்டிக் காட்டினான். அது மூளை இல்லை. எழுத்துகளை நினைவில் வைத்திருக்கிற சில்லு. அதன் கால் ஒன்று கழன்றுகொண்டதை யாரும் கவனிக்கவில்லை. மூடியைப் போட்டார்கள்.

பலகை மறுபடி எரிந்தது. 'பொ.' பிறகு 'ய்.' அடுத்த எழுத்து நினைவுக்கு வராமல் திகைத்து நின்றது. நாய் பார்த்தது, உலுக்கியது. எல்லாம் அணைந்து, முதலிலிருந்து: 'பொ.' 'ய்.' இருட்டு. 'பொ.' 'ய்.'

மண்டபத்து எலெக்ட்ரீஷியன் துலுக்காணம் ஓடிவந்தான். "இன்னா சார், உங்க போர்டு பொய், பொய்னு கத்திகினு கீது?"

"பேசாதே. முதல்ல அணை."

அணைத்தான். மாப்பிள்ளையின் அத்தை அலறினாள். "ஐயையோ! கல்யாண வாசல் விளக்கை அணைக்கறாங்களே!" மறுபடி போட்டான். பலகை மறுபடியும் 'பொ,' 'ய்' என்றே ஆரம்பித்தது.

முதலியார் ஒரு வேஷ்டியை எடுத்துவரச் சொல்லிப் பலகையின் மேல் போர்த்தினார். வேஷ்டியில் வெளிச்சம் பரவி, 'பொய்' முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"இப்பதான் சார் ஷோக்கா கீது" என்றான் துலுக்காணம்.

முதலியார் மேடைக்குப் போய், மணக்கோலத்தில் நின்ற மகளின் காதில் சீறினார். "சனியன், அப்படியே செத்துப் போயிருந்தா ரிப்பேர்னு நினைச்சிருப்பாங்க. உன் நாய்தான் எழுப்பி எழுப்பி விடுது!"

"எழுப்பத்தான்பா அதுக்குத் தெரியும். எதைச் சொல்லிட்டு விழுந்ததுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நான் வந்து கை வச்சா சரியாயிடும். வரட்டுமா?"

"நீ வந்தா எல்லாம் தெரிஞ்சு போயிடும்டி. நாளைக்கு முகூர்த்தம்!"

"வரலேன்னா ஊரே படிச்சுட்டுப் போகும்பா."

முதலியார் நிமிர்ந்தார். அந்த வீட்டில் தடம் மாறியவர்களை உலுக்கி எழுப்புவது இதுவரை அவருடைய உத்தியோகம். இன்றைக்கு ஒரு சர்க்யூட் அவரை உலுக்கிக்கொண்டிருந்தது. பெண்ணின் கல்யாணம் நின்றால் அவமானம்தான். அதற்காகத் தன் பெயராலேயே தன்னைப் பொய்யன் என்று எழுதிவைத்துவிட்டு அட்சதை போடுவதா?

வாசலில் வேதாசலம் தன் உறவுக்கூட்டத்துக்கு நடுவே நெளிந்துகொண்டிருந்தார். அவருடைய பழைய சிநேகிதர் தாவீது வாத்தியார், "என்னய்யா, உம்ம சம்பந்தி என்ன பொய் சொன்னாராம்?" என்று சீண்டிக்கொண்டிருந்தார்.

முதலியார் நேரே போய் நின்றார். ஊர் கேட்கிற குரலில் சொன்னார்: "சம்பந்தி, பலகையைச் செஞ்சது பாலகுரு இல்லை. என் மகள். கிண்டியில எஞ்சினியரா இருக்கா. கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவா. சம்மதம்னா நாளைக்கு முகூர்த்தம். இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. இது சத்தியம்."

அவர் தலைக்கு மேலே, வேஷ்டிக்குள், 'பொய்' என்று எரிந்தது.

கூட்டம் குபீரென்று சிரித்தது. வேதாசலத்தின் முகம் கறுத்தது. கையில் இருந்த சோடாவைக் கீழே வைத்தார். அடுத்து என்ன சொல்லியிருப்பாரோ, தாவீது வாத்தியார் முந்திக்கொண்டார்.

"எஞ்சினியர் மருமகளா! அடேயப்பா, கொடுத்துவச்ச ஆளுய்யா நீர்! நம்ம பக்கத்துல யாருக்கு அமைஞ்சிருக்கு?"

வேதாசலம் உறவுக்காரர்களின் முகங்களைப் பார்த்தார். அங்கே பொறாமை ஏறுவதைப் பார்த்தார். சோடாவை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

அதற்குள் காந்திமதி இறங்கி வந்துவிட்டாள். பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேஷ்டியை உருவிப் போட்டு, மூடியைத் திறந்து, கழன்ற காலைப் பொருத்திக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள். 'பொ.' 'ய்.' எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். 'யா.' 'மொ.' 'ழி.' மண்டபமே கைதட்டியது.

"எங்க மருமக!" என்று வேதாசலம் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "வேலையில இருக்கற பொண்ணுதான் வேணும்னு நான்தான் ஒத்தைக்கால்ல நின்னேன்!"

முதலியார் சட்டென்று பலகையை நிமிர்ந்து பார்த்தார். அது அவருடைய முழுப் பெயரையும் அமைதியாக எரித்துக்கொண்டிருந்தது. குரைக்க வேண்டிய நேரத்தில் நாய் குரைக்கவில்லை.

"அடுத்த தடவை செய்யறப்போ எங்க பேரும் வரணும்மா. முன்னாடி வரணும்" என்றார் வேதாசலம்.

'வே.' 'வேதா.' 'வேதாச.' முதலியார் அந்தப் பெயரை மனத்துக்குள் ஓர் இடம் விடாமல் வெட்டிப் பார்த்தார். எங்கே வெட்டினாலும் ஒன்றும் தேறவில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பாதியில் நின்றால் குடிமுழுகிப் போகும் என்கிற பயமே இல்லாத பெயர். அதெல்லாம் ஒரு பெயரா!